வாசல் எத்தனை

மார்ச் 12, ஞாயிறு

தங்கை தர்மினிக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு. முன்பெல்லாம் மறுத்தவர்கள் இந்தத் தடவை ஏன் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. காரணம் தெரியாமல் வரும் நல்லதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என்றாலும் குடித்ததை மறந்து காலையில் இன்னொரு தேநீர் போட்டேன்.

வந்தால் அவளைத் திருப்பி அனுப்புவதாக இல்லை. வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன், வழி இருக்கிறது என்கிறார். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? யுத்தத்தின் கடைசி மாதத்தில் அவள் கணவன் சேந்தனும் பிள்ளையும் போய்விட்டார்கள். ஆரணிக்கு அப்போது ஆறு வயது. என் தங்கையின் மகளை நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். ஷெல் விழுந்தது என்று சொன்னார்கள். அதற்கு மேல் தர்மினி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வன்னியில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டு தனியே இருக்கிறாள்.

இந்த வீட்டில் மேலே ஒரு படுக்கையறை. அதை ஒட்டிய சின்ன அறையில் புத்தகங்கள். விவாகரத்துக்குப் பிறகு நான் ஒருத்திக்கு அது போதுமாக இருந்தது. வந்து போகிறவளுக்கு ஒரு கட்டில் போதும். தங்கப்போகிறவளுக்குச் சமையலறை வேண்டும், குளியலறை வேண்டும், தான் பூட்டித் தான் திறக்க ஒரு கதவு வேண்டும். ஸ்காபரோவில் அதற்கு ஓர் இடம்தான் உண்டு. ஊர் முழுக்கப் பேஸ்மென்ற் என்று சொல்வதை நான் நிலவறை என்று எழுதுகிறேன். நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்?

மார்ச் 19

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். தலை இடிக்காத உயரம் இருக்கிறது, குழாய்கள் ஓடும் நடுப்பகுதியைத் தவிர. அங்கே முகட்டைப் பதித்து மூடினால் பெட்டிக்குள் இருப்பதுபோல ஆகிவிடும். குழாய்களை மூடாமல் சுவரின் நிறத்திலேயே பூசிவிடலாம் என்று ஒரு யோசனை. வடக்குச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. சுரண்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் தன் வீட்டுச் சுவரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஈரப்பதம் எழுபது வீதம். ஐம்பதுக்குக் கீழே இறக்காமல் அங்கே ஒருவரைப் படுக்கவிட முடியாது.

ஏப்ரல் 2

தர்மினி தொலைபேசியில் வந்தாள்.

"என்னக்கா செய்யிறியள்?"

"நிலவறையைத் திருத்திறன். உனக்குத்தான்."

"நிலவறையோ? அதென்ன?"

"நிலத்துக்குக் கீழை இருக்கிற அறை. இஞ்சை எல்லா வீட்டிலையும் இருக்கு."

"பங்கர் எண்டு சொல்லுங்கோவன்."

பதுங்குகுழியைச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம். நானும் சிரித்தேன். வீடியோவில் கீழே சுற்றிக் காட்டினேன். வழக்கம்போல அவள் தன் பக்கத்துக் கமராவைத் திறக்கவில்லை. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றாள். பிறகு கேட்டாள்:

"வாசல் எத்தினை அக்கா?"

"ஒண்டுதான். படியாலை இறங்கினால் வாசல். கிழக்குப் பக்கம்."

"ஒண்டு காணாது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கிழக்கு, மேற்கு, வாசல் எண்ணிக்கை. விஞ்ஞானப் பிரிவில் படித்த பிள்ளை வாஸ்து பார்க்கிறாள். தனிமையில் இருப்பவர்களை இப்படியான நம்பிக்கைகள் சுலபமாகப் பிடித்துவிடுகின்றன. வந்தபிறகு மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 16

குணாளன் வந்து பார்த்தார். என் தோழி வீட்டு நிலவறையைச் செய்து கொடுத்தவர். வேலைக்காரர் என்பதைவிடப் பேச்சுக்காரர்.

"அக்கா, கனடாவிலை இருக்கிற தமிழன் எல்லாரும் ரெண்டு தரம் பிறந்தவை. ஒண்டு ஆசுப்பத்திரியிலை, மற்றது பேஸ்மென்ற்றிலை."

"நானும் வந்த புதுசிலை ரெண்டு வருசம் கீழைதான் இருந்தனான்."

"பாத்தியளே! பிறகுதானே மேலை ஏறுறம்."

சுவரைத் தட்டினார், தரையில் உருண்டை ஒன்றை உருட்டிச் சரிவு பார்த்தார். பிறகு அவரும் அதையே சொன்னார்: ஆள் படுக்கும் அறைக்கு இரண்டாவது வழி கட்டாயம். நெருப்புப் பிடித்தால் படியால் ஏற முடியாது. முன்பக்கம் நிலத்தை வெட்டி, சுவரை உடைத்து, ஆள் ஏறிப் போகக்கூடிய யன்னல் வைக்கவேண்டும். யன்னலுக்கு வெளியே கிணறுபோல ஒரு குழி, ஏறிவர ஏணி.

நகராட்சி விதியும் வாஸ்துவும் ஒன்றாகப் போவது இதுவே முதல் தடவையாக இருக்கும். தர்மினிக்கு இரண்டு வாசல் என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சந்தோசம் அக்கா."

மே 18

தர்மினி தொலைபேசி எடுக்கவில்லை. யுத்தம் முடிந்த இந்த நாளில் ஒவ்வொரு வருடமும் எடுப்பதில்லை. ஈரப்பதம் அறுபத்திரண்டு.

யூன் 4

சுவருக்கு உள்ளே நுரைப் பலகை, அதன் மேல் ஈரம் ஏறாத உறை, அதன் மேல் அட்டைச் சுவர். தரையிலும் நேரே சீமெந்தின்மேல் எதையும் ஒட்டக்கூடாது. இடையில் காற்றுப் போக இடம் விட்டுப் பலகை. நிறத்துக்கு நான்கு மாதிரி பூசிப் பார்த்தேன். வெள்ளை ஆஸ்பத்திரிபோல இருக்கிறது. மஞ்சள் கலந்த வெள்ளை காலையில் பரவாயில்லை. மேலே ஒற்றை விளக்குக்குப் பதிலாகச் சுவரோரம் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன விளக்குகள் வைத்தால் நிலத்துக்குக் கீழே இருக்கும் நினைப்பு வராது என்று வாசித்தேன். வைக்கச் சொல்லிவிட்டேன்.

சமையல் மேடை படிக்கு எதிரே. தேங்காய் துருவ அவளுக்குக் கதிரையில் இருந்து செய்யும் உயரம் வேண்டும். மேடையில் ஒரு துண்டைத் தாழ்த்தச் சொன்னேன். குணாளன் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சியிலை உயிரோ அக்கா?"

"தேங்காய் துருவிறதைப் பற்றிக் கதைக்கிறம்," என்றேன்.

யூன் 18

கட்டிலை எங்கே போடுவது என்று அவளிடமே கேட்டேன். யன்னலுக்குக் கீழே போட்டால் வெளிச்சம். உள்மூலையில் போட்டால் சத்தம் குறைவு.

"உள்ளுக்கை போடாதேங்கோ. வாசலுக்குக் கிட்ட. தலையை வாசல் பக்கம் வையுங்கோ. படுத்துக்கொண்டு வானம் தெரியுமோ?"

"ஒரு துண்டு தெரியும்."

"காணும்."

தலை எந்தத் திசையில் இருக்கவேண்டும் என்று அங்கே யாரோ சாத்திரி சொல்லிக்கொடுத்திருக்கிறார். வாதாடவில்லை. என் கொள்கைக்கு மாறாக, அவள் சொன்னபடியே கட்டிலைத் திருப்பினேன். ஐம்பதை நெருங்கும்போது கொள்கைகளும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கின்றன.

யூலை 23

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் முன்பக்கக் குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. யன்னல் சட்டம் இன்னும் வரவில்லை. குணாளன் வெட்டிய மண்ணைப் பைகளில் நிரப்பிக் குழியின் விளிம்பில் சுற்றி வைத்திருக்கிறார். அசிங்கமாக இருக்கிறது. தர்மினி வருமுன் எடுத்துவிடச் சொன்னேன். சட்டம் வந்தால்தான் எடுக்கலாம் என்கிறார்.

யூலை 29

வந்துவிட்டாள்.

விமான நிலையத்தில் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை பாதி நரைத்துவிட்டது. என்னைவிட ஆறு வயது இளையவள். கையில் ஒரே ஒரு பை. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதுதான் அக்கா எப்பவும்," என்றாள்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவள் குழியைக் கண்டு நின்றுவிட்டாள்.

"இந்த மூட்டையள் ஆர் அடுக்கினது?"

"குணாளன். வேலை செய்யிற ஆள். தண்ணி போகாமல் இருக்க வைச்சவர். எடுத்துவிடுவினம்."

"ஒண்டுக்குமேலை ஒண்டு நேரா வைச்சிருக்கினம். சரிஞ்சுபோம்."

அவ்வளவுதான் பேசினாள். உள்ளே வந்து முகம் கழுவினாள். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தேன். சாப்பிட்டாள். கீழே கூட்டிப்போகக் கூப்பிட்டேன். "களைப்பாயிருக்கு, நாளைக்குப் பாப்பம்," என்று முன்னறைச் செற்றியிலேயே கால் நீட்டிப் படுத்துவிட்டாள்.

யூலை 30

காலையில் எழுந்து பார்த்தால் அவளைச் செற்றியில் காணவில்லை. முன்பக்கம் நின்றாள். மூட்டைகளை எல்லாம் இறக்கி மறுபடி அடுக்கி முடித்திருந்தாள், செங்கல் கட்டுவதுபோல, இரண்டின் இடுக்குக்கு மேலே ஒன்று வரும்படி. பயணம் செய்து வந்த மறுநாள். கோபம் வந்தது. கையைக் கழுவிவிட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 1

குணாளன் மூட்டைகளைப் பார்த்துவிட்டு மேல் வரிசையில் ஒன்றை அசைத்துப் பார்த்தார்.

"ஆரக்கா இப்பிடி அடுக்கினது?"

"என்ரை தங்கச்சி."

"அவ கடைசி வரைக்கும் உள்ளுக்கை இருந்தவவோ?"

"ஓம். வன்னியிலைதான்."

அன்று முழுக்க அவர் பகிடி எதுவும் விடவில்லை. போகும்போது, "அக்கா, அவவை மேலையே வைச்சிருங்கோவன்," என்றார். ஏன் என்றதற்கு, "சும்மா சொன்னனான்," என்று தன் வண்டியில் ஏறிவிட்டார். வேலை முடியும் தறுவாயில் இப்படிச் சொல்லும் ஒப்பந்தக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 13

இன்னும் செற்றியில்தான் படுக்கிறாள். கீழே ஒரு தடவை வந்தாள். படியில் இறங்கும்போது கையால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு இறங்கினாள். போன கிழமை வந்து பொருத்திய யன்னலை இரண்டு தடவை திறந்து மூடினாள். ஏணியை அசைத்துப் பார்த்தாள். "வடிவாய்ச் செய்திருக்கினம் அக்கா," என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். நான் இன்னும் விளக்குகளைப் போட்டுக் காட்டவே இல்லை.

ஆகஸ்ட் 20

இன்று சண்டை. நான்தான் தொடங்கினேன்.

"கீழை விடுறன் எண்டு உனக்கு மனவருத்தமோ? வாடகைக்கு வந்த ஆக்கள்மாதிரி நடத்திறன் எண்டு நினைக்கிறியோ?"

"ஐயோ அக்கா, அப்பிடியில்லை."

"பின்னை என்ன? வாஸ்து பிழையோ? ரெண்டு வாசல் கேட்டாய், வைச்சிருக்கு. தலை திருப்பச் சொன்னாய், திருப்பியிருக்கு. இனி என்ன, எலுமிச்சம்பழம் கட்டவோ?"

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் வேறு பாஷையில் பேசியதுபோலப் பார்த்தாள்.

"வாஸ்துவோ?" என்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

ஆகஸ்ட் 27

ஈரப்பதம் நாற்பத்தெட்டு. கடைசியில் இறங்கிவிட்டது. அவளிடம் சொன்னேன். "கெட்டிக்காரிதான் அக்கா நீங்கள்," என்றாள்.

செப்ரெம்பர் 9

ஒரு முடிவு எடுத்தேன். நாளையிலிருந்து கீழே நான் போகிறேன். என் அறையை அவள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான். உடுப்புகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 10, ஞாயிறு

இதை எழுதவேண்டுமா என்று மாலை முழுக்க யோசித்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது படியடியில் ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. தர்மினி. கடைசிப் படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே கதவைப் பார்த்தபடி குந்தியிருந்தாள்.

"என்ன இதிலை இருக்கிறாய்?"

"நீங்கள் படுங்கோ."

"எவ்வளவு நேரமா இருக்கிறாய்?"

"நீங்கள் வந்ததிலையிருந்து."

"ஏன் தர்மினி?"

"உள்ளுக்கை ஆக்கள் இருந்தால் வாசல்லை ஒராள் இருக்கவேணும்."

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். படி ஒடுக்கம். தோளும் தோளும் முட்டின. என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்கடை பங்கர்லை எப்பவும் கடைசியா இறங்கிறது நான். வாசல்லை இருந்து சத்தம் கேட்டுச் சொல்லுறதும் நான்தான். அவர் பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு உள்மூலையிலை இருப்பார். அதுதான் பாதுகாப்பெண்டு எல்லாரும் சொல்லுறவை. அண்டைக்கு ஆரணி தண்ணி கேட்டவள். போத்தில் முடிஞ்சுது. பக்கத்துப் பங்கர்லை வாங்கிக்கொண்டு வருவமெண்டு எழும்பினனான். கொஞ்சத் தூரம்தான் போயிருப்பன் அக்கா. திரும்பிப் பாக்க, வாசல் இல்லை."

"ஷெல் எண்டு சொன்னவை."

"ஷெல் அவையிலை விழேல்லை. பக்கத்திலைதான் விழுந்தது. மண் மூடிப்போட்டுது. எல்லாம் ஒரே மட்டமாய்க் கிடந்தது. எந்த இடமெண்டு எனக்கே தெரியேல்லை. கையாலை கிண்டினன். இஞ்சையெண்டு கொஞ்சம், அங்கையெண்டு கொஞ்சம். பிறகு சனம் என்னை இழுத்துக்கொண்டு போட்டுது."

யன்னல் வழியாக வெயில் ஒரு துண்டு தரையில் விழுந்திருந்தது.

"ரெண்டாவது வாசல் வெட்டுவமெண்டு அவர் முதல் நாள் சொன்னவர். மழை பெய்து மண் பாரமாயிருந்தது. நாளைக்கு வெட்டுவமெண்டு நான்தான் சொன்னனான்."

 ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் கையைப் பிடித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு, "வா, மேலை போவம்," என்றேன்.

"நீங்கள் முதல் போங்கோ," என்றாள்.

நான் ஏறி, மேலே கதவருகில் போய்த் திரும்பி நின்றேன். உள்ளே யாரும் இல்லை என்று ஆன பிறகுதான் அவள் படியை விட்டு எழுந்தாள்.

செப்ரெம்பர் 11

உடுப்புகளை மேலே கொண்டுவந்துவிட்டேன். புத்தக அறையைக் காலி செய்து அவளுக்குக் கட்டில் போட்டேன். புத்தகங்கள் கீழே போயின. அவற்றுக்கு நாற்பத்தெட்டு வீதம் நல்லது.

ஒக்ரோபர் 16

வழக்கறிஞரிடம் போக நாள் எடுத்திருந்தேன். காலையில் தர்மினி உடுப்பு மாற்றாமல் தேநீரோடு வந்து மேசையில் இருந்தாள்.

"நான் வரேல்லை அக்கா. மார்கழிக்குள்ளை திரும்பிப் போறன்."

இந்தத் தடவை நான் சத்தம் போடவில்லை. குளிர் காரணமா என்றேன். வேலை எடுத்துத் தரலாம் என்றேன். ஐந்து நிமிட நடையில் தமிழ்ப் பிள்ளைகள் வரும் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, விசாரித்தும் விட்டேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாக, "அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்பிடிக் கேக்கிறியள்? ரெண்டு பேரும் உள்ளுக்கையெல்லோ."

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்:

"பள்ளிக்கூடம் முடிய ஒவ்வொரு வெள்ளியும் பஸ் எடுத்துப் போறனான். இப்ப அதிலை பத்தை வளந்திட்டுது. கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவன்."

"இடம் தெரியாதெண்டு சொன்னாய்."

"ஓம். கிட்டத்தட்டத்தான்."

வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அழைத்து, வரவில்லை என்று சொன்னேன். வேறு நாள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுடைய வாழ்க்கை.

நவம்பர் 5

நேரம் மாறியிருக்கிறது. நாலரைக்கே இருட்டத் தொடங்குகிறது. தேங்காய் துருவிக்கொண்டு அவள் முன்பள்ளிப் பாட்டு ஒன்று பாடினாள். ஆய்வுகூட அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

டிசெம்பர் 2

அனுப்பிவிட்டு வந்தேன். வந்த அதே பை. நான் வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டையை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அங்கே எதற்கு என்று நினைத்திருப்பாள். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரையும் முன்னே விட்டுக் கடைசி ஆளாகத்தான் உள்ளே போனாள்.

டிசெம்பர் 3

ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குச் சோறு போட்டுவிட்டேன்.

டிசெம்பர் 17, ஞாயிறு

இரவு முழுக்கப் பனி. காலையில் திரையை விலக்கினால் முன்பக்கம் எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. புல் எது, நடைபாதை எது, குழி எது என்று தெரியவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனி அள்ளும் சவளை எடுத்தேன்.

இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று வெட்டினேன். இல்லை. கொஞ்சம் தள்ளி வெட்டினேன். குழியின் தகர விளிம்பு சவளில் இடித்தது. பனியை வாரி எறிந்துகொண்டு ஏணியில் இறங்கினேன். கண்ணாடி கிட்ட வந்ததும் உடைந்துவிடுமோ என்று சவளை மேலே வைத்துவிட்டுக் கையால் கிண்டினேன். கையுறை நனைந்து கனத்தது. கழற்றிவிட்டேன்.

குளிர்காலத்தில் பனி தள்ளும் வேலை செய்கிற குணாளன் தன் வண்டியில் தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நிறுத்தினார்.

"என்னக்கா இந்தக் குளிருக்கை? தங்கச்சி போட்டாவெல்லே?"

"ஓம், போட்டாள்."

"ஒரு நல்ல குடும்பம் வீடு தேடுது. பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. வாடகைக்கு விடுவமோ?"

"இல்லை. அது விடுறதுக்கில்லை."

"அப்ப விடுங்கோ யன்னலை, மூடினால் மூடட்டும். கீழை ஒருத்தரும் இல்லைத்தானே."

"தெரியும்," என்றேன்.

 அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து, சவளை எடுத்து மேல் விளிம்பைத் துப்புரவாக்கத் தொடங்கினார். நான் கண்ணாடியின் கடைசி மூலைவரை கையால் எடுத்து முடித்தேன். உள்ளே போய்க் கீழே இறங்கி யன்னலைத் தள்ளிப் பார்த்தேன். திறக்கிறது.